அப்பா விட்டுச்சென்ற பெரிய பவர் சா: வைத்துக்கொள்வதா, விற்பதா?

கேள்வி: அண்ணே, எங்களுக்கு நத்தம் பக்கம். அப்பா மரம் பிடித்து வெட்டும் தொழில் பார்த்தார். கறிக்கடைக்குப் புளியங்கட்டை, மரச்செக்குக்கு வாகை அடிமரம் என்று பெரிய மரங்கள்தான் அதிகம். அவர் வைத்திருந்த ஸ்டில் 070 பவர் சா (செயினால் மரம் அறுக்கும் மெஷின்), அவர் தவறிய பிறகு ஏழு வருடமாகக் கொட்டகையில் கிடக்கிறது. இப்போது நானும் அதே தொழிலுக்கு வந்துவிட்டேன். அந்த அளவில் புது மெஷின் லட்சத்தைத் தாண்டுகிறது. பார்க்க அதே 070 மாதிரி இருக்கும் காப்பி மெஷின் கால் விலைக்கு வாங்கித் தருகிறேன் என்கிறார் ஒருவர். பழசைக் காயலான் கடையில் போடு என்கிறார் மச்சான். கயிறு இழுத்தால் இன்ஜின் சுற்றுகிறது, ஆனால் ஸ்டார்ட் ஆகவில்லை. என்ன செய்யட்டும்?

பதில்: தம்பி, முதலில் அந்தக் கயிறு இழுப்பதை நிறுத்துங்கள். ஏழு வருடம் கிடந்த இன்ஜினுக்குள் எண்ணெய்ப் பசை கொஞ்சமும் இருக்காது. கொட்டகையில் கிடந்த மெஷின் என்றால் சைலன்சர் துளையில் குளவி மண்கூடு கட்டியிருக்கவும் வாய்ப்பு அதிகம். அந்த மண் ஒரு சிட்டிகை உள்ளே விழுந்தாலும் போதும், நீங்கள் இழுக்கும் ஒவ்வொரு இழுப்பும் சிலிண்டரைச் சுரண்டும். பிளக்கைக் கழற்றி அந்தத் துளையில் ஒரு மூடி 2டி ஆயிலை (டூ ஸ்ட்ரோக் இன்ஜின் ஆயில்) விட்டு, ஒரு ராத்திரி அப்படியே வையுங்கள். மறுநாள் சைலன்சரைக் கழற்றுங்கள். அதற்கப்புறம்தான் மற்றதெல்லாம்.

உங்கள் கேள்விக்கு நேரடியாகச் சொல்கிறேன். காயலான் கடைக்குப் போடாதீர்கள். காப்பி மெஷினும் வாங்காதீர்கள். உங்கள் தொழிலுக்கு அந்தப் பழைய 070 இன்னும் பொருத்தமான மெஷின். ஆனால் உங்கள் வேலை முழுவதையும் அதன் தலையில் கட்டக் கூடாது. இதைக் கடைசியில் விளக்குகிறேன்.

அது ஏன் பொருத்தம் என்றால், கறிக்கட்டை வேலை அப்படிப்பட்டது. புளியமரத்தை வட்டம் வட்டமாகக் குறுக்கே அறுக்க வேண்டும். அடிமரம் இரண்டரை அடி, மூன்றடி விட்டம் இருக்கும். நடுவில் இருக்கும் கரும்பழுப்பு வைரம் எப்படிப்பட்டது என்று உங்களுக்கே தெரியும். 070-இன் சிலிண்டர் 58 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 40 மில்லிமீட்டர், மொத்தம் ஏறக்குறைய 106 சி.சி. ஸ்டில் கம்பெனி 1959-இல் கொண்டுவந்த கான்ட்ரா என்ற மெஷினின் வழியில் வந்தது இது. இன்றைய மெஷின்கள் 12,000 சுற்றுக்கு மேல் ஓடி, வேகத்தால் அறுக்கின்றன. இந்தப் பழைய இன்ஜின்கள் அதைவிடக் குறைந்த சுற்றில், இழுவையால் அறுக்கின்றன. 36 அங்குல பார் (செயின் ஓடும் தகடு) முழுவதும் வைரத்துக்குள் புதைந்திருக்கும்போது வேண்டியது இந்த இழுவைதான். புதிதில் இதற்கு ஈடு என்றால் ஸ்டில் எம்எஸ் 881 (ஏறக்குறைய 122 சி.சி.), ஹஸ்க்வர்னா 3120 (119 சி.சி.) போன்றவை. அவை அருமையான மெஷின்கள், நான் குறை சொல்லவில்லை. வருடத்தில் முப்பது நாற்பது பெரிய மரம் வெட்டும் ஒருவர் அதற்காகக் கடன் வாங்க வேண்டியதில்லை என்றுதான் சொல்கிறேன்.

சரி, உங்கள் மெஷின் பிழைக்குமா என்று பார்ப்போம். சைலன்சரைக் கழற்றியதும் தெரியும் துளை வழியாக டார்ச் அடித்து பிஸ்டனைப் பாருங்கள். பிஸ்டனின் பக்கவாட்டுச் சுவர் மழமழவென்று, சாம்பல் நிறத்தில் இருந்தால் நல்ல செய்தி. மேலிருந்து கீழாகக் கோடு கோடாக, நகத்தில் தட்டுப்படும் அளவுக்குக் கீறல் இருந்தால் அது சூடேறிப் பிடித்த மெஷின். பிளக்கைத் திரும்ப மாட்டி, கயிற்றுப் பிடியைக் கையில் பிடித்து மெஷினை அந்தரத்தில் தொங்கவிடுங்கள். சர்ரென்று கீழே இறங்கினால் கம்ப்ரஷன் போயிருக்கிறது. நின்று நின்று, விக்கி விக்கி இறங்கினால் உயிர் இருக்கிறது. கேஜ் இருந்தால் 120 பிஎஸ்ஐ-க்கு மேல் காட்டினால் தைரியமாகச் செலவு செய்யலாம்.

கீறல் இருந்தால் ஒரு எச்சரிக்கை. மதுரையில் லேத்துக்குப் பஞ்சமில்லை. டிவிஎஸ் 50 காலத்திலிருந்து டூ ஸ்ட்ரோக் பார்த்த ஊர் இது. 'ஒரு போர் போட்டுவிடலாம்', அதாவது சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். இந்தச் சிலிண்டருக்கு அது ஆகாது. இதன் உட்சுவர் இரும்பு லைனர் கிடையாது, அலுமினியத்தின் மேல் மெல்லிய கடின முலாம். அதைக் குடைந்து எடுத்தால் பச்சை அலுமினியம் வெளியே வந்துவிடும், சிலிண்டர் அதோடு சரி. பல நேரம் சிலிண்டரில் கோடு போலத் தெரிவது பிஸ்டனின் அலுமினியம் உருகி ஒட்டியதுதான். அதைப் பொறுமையாக எடுத்துவிட்டால் கீழே முலாம் அப்படியே இருக்கும். புது பிஸ்டனும் ரிங்கும் போட்டால் ஓடும். இதை அனுபவமுள்ள கையில் கொடுங்கள், நீங்களே எமரி தாள் எடுத்துத் தேய்க்காதீர்கள்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இத்தனை வருடத்தில் என் செல்லூர் பட்டறைக்கு வந்த பழைய மெஷின்களில், வயதாகித் தேய்ந்து போனவை குறைவு. பெரும்பாலும் காற்று புகுந்து போனவைதான். கிராங்கின் (பிஸ்டன் சுழற்றும் தண்டின்) இரண்டு பக்கமும் ஆயில் சீல் இருக்கிறது. ரப்பர் காய்ந்து உதடு விறைத்துவிட்டால் அந்த வழியாக வெளிக்காற்று உள்ளே போகும். டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடுதான் ஆயிலும் வருகிறது. காற்று கூடினால் பெட்ரோல் பங்கு குறைகிறது, ஆயிலும் குறைகிறது, சூடு ஏறுகிறது. கொடுமை என்னவென்றால், அந்த நேரத்தில் மெஷின் வழக்கத்தைவிடத் துடிப்பாக ஓடும். வாங்கியவர் சந்தோஷப்படுவார். வாடிப்பட்டிப் பக்கத்திலிருந்து ஒருவர் ஒரு பழைய மெஷினைக் கொண்டுவந்து, 'கிடந்ததைத் தூசி தட்டி ஓட்டினேன், புதுசு மாதிரி சீறுது' என்று ஓட்டிக் காட்டினார். ஆக்சிலேட்டரை விட்டபிறகும் சுற்று உடனே இறங்கவில்லை. மெஷினைச் சாய்த்தால் சத்தம் மாறியது. சீல் மாற்றாமல் மரத்தில் வைக்காதீர்கள் என்று சொன்னேன். சீசன் முடியட்டும் என்று எடுத்துப்போனார். மூன்றாம் நாள் அதே மெஷின் பிஸ்டன் பிடித்து, கயிறே அசையாமல் திரும்பி வந்தது. ஒரு ஜோடி சீலில் முடிந்திருக்க வேண்டியது, சிலிண்டர் செட் வரை போய்விட்டது. அவர் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

அதனால் உங்கள் மெஷின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு சீலையும் மாற்றுங்கள். ஏழு வருடம் நம் ஊர் வெயிலில், தகரக் கொட்டகைக்குள் கிடந்த ரப்பரை நம்பவே கூடாது. பழைய சீலின் முகத்திலேயே உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் மூன்றும் எண்ணாக இருக்கும். அதைக் கொண்டுபோய் சீல், பேரிங் விற்கும் கடையில் காட்டினால் தரமான கம்பெனி சீலே கிடைக்கும், பவர் சா கடையைத் தேடி அலைய வேண்டாம். கிளட்சைக் கழற்றும்போது கவனம். பெரும்பாலான மெஷின்களில் கிளட்ச் பக்கம் இடது மரை, கடிகாரம் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். தெரியாமல் மறுபக்கம் முறுக்கி கிராங்கையே உடைத்தவர்கள் உண்டு.

சீல் போட்டபின் சோதிக்காமல் விடாதீர்கள். கார்புரேட்டர் வாயையும் சைலன்சர் வாயையும் பழைய சைக்கிள் டியூப் ரப்பரை வெட்டி வைத்து அடைத்து, பிளக் துளை வழியாக 7 பிஎஸ்ஐ காற்று ஏற்றுவேன். அதற்கு மேல் ஏற்றினால் சீலே பிதுங்கிவிடும். முள் இறங்காமல் நின்றால் சரி. இறங்கினால் சோப்புத் தண்ணீரைத் தடவினால் எங்கே குமிழ் வருகிறதோ அங்கே ஓட்டை. அப்புறம் காற்றை உறிஞ்சியும் ஒரு முறை பார்க்க வேண்டும். உள்ளிருந்து தள்ளும்போது பிடித்து நிற்கும் சீல், உள்ளே உறிஞ்சும்போது வெளிக்காற்றை விட்டுவிடலாம். உங்களிடம் கருவி இல்லையென்றால் இதை மட்டுமாவது ஒரு மெக்கானிக்கிடம் கேட்டுச் செய்யச் சொல்லுங்கள். 'ஸ்டார்ட் பண்ணிக் கொடுத்தால் போதும்' என்று கேட்காதீர்கள்.

அடுத்தது பெட்ரோல். அப்பா காலத்துப் பெட்ரோல் வேறு, இப்போது பங்கில் வருவது வேறு. 2025-இல் நம் நாட்டில் பெட்ரோலோடு எத்தனால் கலப்பு 20 சதவீதத்தை எட்டிவிட்டது. அந்தக் காலத்து ரப்பர் குழாயும் கார்புரேட்டர் டயாப்ரமும் (உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வு) இதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. சில ஊறிப் பருக்கும், சில காய்ந்து தகடு மாதிரி ஆகிவிடும். ஆகவே டாங்கிலிருந்து வரும் குழாய், டாங்குக்குள் இருக்கும் பில்டர், டயாப்ரம் செட் மூன்றையும் புதிதாகப் போடுங்கள். எத்தனாலில் ஆக்ஸிஜன் இருப்பதால், கார்புரேட்டர் திருகைப் பழைய அளவிலேயே விட்டால் மெஷின் பெட்ரோல் குறைவாகக் குடித்தமாதிரிதான் ஓடும். அதாவது சீல் ஓட்டை செய்யும் அதே கெடுதல்.

இன்னொரு ஆபத்து மழைக்காலத்தில் வரும். எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஒரு அளவுக்கு மேல் போனால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து கேனின் அடியில் தங்கிவிடும். நீங்கள் கலந்த ஆயில் மேலே பெட்ரோலோடு நின்றுவிடும். டாங்கு பில்டர் கிடப்பதோ அடியில். ஆயிலே இல்லாத சரக்கைத்தான் மெஷின் முதலில் குடிக்கும். அதனால் அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் கலந்துகொள்ளுங்கள். போன மாதம் கலந்தது மிச்சம் இருக்கிறதே என்று ஊற்றாதீர்கள். ஒரு வாரத்துக்கு மேல் மெஷினுக்கு வேலை இல்லையென்றால் டாங்கைக் காலி செய்து, தானாக நிற்கும் வரை ஓடவிட்டு வையுங்கள்.

கலவை அளவு: சாதாரண 2டி ஆயில் என்றால் லிட்டருக்கு 40 மில்லி, 25-க்கு 1. ஸ்டில் கம்பெனியே சொல்லும் தரமான ஆயில் என்றால் 20 மில்லி, 50-க்கு 1. மூடியில் குத்துமதிப்பாக அளக்காதீர்கள். மருந்துக்கடையில் பெரிய சிரிஞ்ச் ஒன்று வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள். ஆயில் கூட ஊற்றினால் மெஷினுக்கு நல்லது என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். ஆயில் கூடிய அளவுக்குப் பெட்ரோல் குறைகிறது, கலவையை மாற்றினால் கார்புரேட்டர் திருகையும் மறுபடி பார்க்க வேண்டும்.

அந்தத் திருகை எப்படி வைப்பது? எல் (குறைந்த வேகத் திருகு), எச் (முழு வேகத் திருகு) இரண்டையும் மெதுவாக மூடி, ஒவ்வொரு சுற்று திறந்து ஆரம்பியுங்கள். மெஷினை நன்றாகச் சூடேற்றி, மரத்தில் வைக்காமல் முழு ஆக்சிலேட்டர் கொடுங்கள். சத்தம் சீராகக் கத்தக் கூடாது. கொஞ்சம் தொண்டை கட்டியமாதிரி, பட பட என்று விட்டுவிட்டு வர வேண்டும். இதை நாங்கள் 'ஃபோர் ஸ்ட்ரோக் அடிக்குது' என்போம். மரத்துக்குள் இறக்கியதும் அந்தப் படபடப்பு போய்ச் சத்தம் இறுகினால் அளவு சரி. காற்றிலேயே கணீரென்று கத்தினால் எச் திருகைக் கொஞ்சம் திறங்கள். இந்தக் காது பழகிவிட்டால் உங்கள் மெஷினை எவராலும் கெடுக்க முடியாது.

மின்பொறி விஷயம் எளிது. உங்களுடையது பாயின்ட் (திறந்து மூடும் தொடுமுனை) வைத்த பழைய வகையா, எலக்ட்ரானிக் காயிலா என்று ஃபிளைவீலைக் கழற்றினால் தெரியும். பாயின்ட் என்றால் துருவைப் பொடி எமரியால் லேசாகத் தேய்த்து, வெள்ளைத் தாளை நடுவில் வைத்து இழுத்துத் துடையுங்கள். பல மெஷின் இதிலேயே பொறி விட்டுவிடும். காயிலுக்கும் ஃபிளைவீலுக்கும் இடையே ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் இடைவெளி போதும்.

மெஷின் உடம்பில் எங்காவது விரிசல் இருந்தால் தெருமுனை வெல்டிங் கடைக்குக் கொண்டுபோகாதீர்கள். பார்க்க அலுமினியம் போல இருக்கும், ஆனால் இந்த வகை மெஷின்களின் கிராங்க் கேஸ் பெரும்பாலும் மெக்னீசியம் கலந்த உலோகம். அதன் பொடியும் சீவலும் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றி அணைக்க முடியாது, ஊற்றினால் இன்னும் மோசமாகும். தெரிந்த ஆளிடம் மட்டும் கொடுக்க வேண்டிய வேலை.

செயின் 404 பிட்ச் (கண்ணிகளின் இடைவெளி அளவு) என்றால் 5.5 மில்லிமீட்டர் உருண்டை அரம். 30 டிகிரி சாய்வு, இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கை இழுப்பு. பல்லுக்கு முன்னால் இருக்கும் மேடு பல்லைவிட 0.8 மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தால் போதும். அவசரத்தில் அதை அதிகம் தேய்த்துவிட்டால் மெஷின் மரத்தைக் கடித்து உதறும். புளிக்குக் கூர்முனைப் பல்லைவிட முனை மழுங்கலான பல் நல்லது, மண்ணையும் ஆணியையும் கொஞ்சம் தாங்கும். ஆணி என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று. பேய் ஓட்டி முடியோடு சேர்த்து ஆணி அறைந்த புளியமரங்கள் நம் பக்கம் பல ஊரில் உண்டு. சாலையோர மரம் என்றால் விளம்பரத் தகடு அடித்த ஆணியும் இருக்கும். பட்டை மூடி வளர்ந்திருப்பதால் வெளியே தெரியாது. ஆனால் அறுத்த முகத்தில் கருநீலக் கறை ஒன்று கோடாக ஓடினால் அருகில் இரும்பு இருக்கிறது என்று அர்த்தம். அந்தத் துண்டைத் தள்ளி அறுங்கள்.

பாருக்குக் கழிவு ஆயில் ஊற்றாதீர்கள். அதில் இரும்புத் துகள் இருக்கிறது, தோலுக்கும் ஆகாது. சாதாரண புது 40 கிரேடு ஆயிலே போதும்.

இனி காப்பி மெஷின். 070-ஐப் பார்த்து அச்சடித்தமாதிரி செய்தவை சந்தையில் ஏராளம். என் பட்டறைக்கு வரும் காப்பிகளில் பேரிங், ரிங், சிலிண்டர் முலாம் ஆகியவை ஒன்று போல ஒன்று இருப்பதில்லை. ஒன்று இரண்டு வருடம் ஓடுகிறது, அடுத்தது இரண்டு மாதம். ஆனால் உங்களுக்கு இதில் ஒரு லாபம் உண்டு. கைப்பிடி, கவர், ஸ்டார்ட்டர் ஸ்பிரிங், டாங்கு மூடி போன்றவை காப்பியில் வாங்கினாலும் அசலில் பொருந்தும். உள்ளே சுற்றுவதற்கு மட்டும் நல்ல பொருள் போடுங்கள். அப்புறம், அப்பா வைத்திருந்ததே அசல்தானா என்றும் பாருங்கள். அசல் பாகங்களின் வார்ப்பில் 1106 என்று தொடங்கும் எண் இருக்கும். எண்ணையும் காப்பி அடிப்பவர்கள் உண்டு, ஆகவே வார்ப்பின் சுத்தத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

சீல், குழாய், டயாப்ரம், பிளக், கயிறு, ஒரு செயின் இவ்வளவோடு முடிந்தால் நீங்கள் சொன்ன புது மெஷின் விலையில் பத்தில் ஒரு பங்குகூட வராது. பிஸ்டனும் சிலிண்டரும் சேர்ந்து போயிருந்தாலும் நான் செலவு செய்யத்தான் சொல்வேன். கிராங்கும் போய், கேஸும் உடைந்திருந்தால் மட்டும் விட்டுவிடுங்கள்.

இப்போது ஆரம்பத்தில் தள்ளி வைத்த விஷயம். தம்பி, அந்த மெஷினில் செயின் பிரேக் கிடையாது. பாரின் மூக்கில் மேல்பாதி மரத்தில் இடித்தால் மெஷின் கண்ணிமைக்கும் முன் உங்கள் முகத்தை நோக்கித் திரும்பும். புது மெஷின்களில் கை முன்தகட்டில் பட்டதும் பிரேக் செயினைப் பிடித்துவிடும். இதில் பிடிக்க ஒன்றுமில்லை. எடையும் பார், செயின், பெட்ரோல், ஆயில் சேர்த்து ஏறக்குறைய 14 கிலோ. கை ஓய்ந்த பிறகுதான் தப்பு நடக்கிறது. தோளில் தழும்போடு என் பட்டறைக்கு வந்து உட்காரும் ஆட்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள். இரண்டு பேருக்குமே அது கிளை கழிக்கும்போது நடந்தது.

அதனால் 070-ஐத் தரையில் கிடக்கும் அடிமரத்துக்கும், பெரிய தூருக்கும் மட்டும் வையுங்கள். கிளை கழிக்க, மேலே ஏறி வெட்ட, சின்ன மரம் சாய்க்க, செயின் பிரேக் உள்ள 50 சி.சி. அளவு புது மெஷின் ஒன்று வாங்குங்கள். லட்சத்தைப் போட்டு ஒரே மெஷின் வாங்குவதைவிட இந்த இரண்டு மெஷின் உங்கள் தொழிலுக்கு அதிகம் உதவும். தோளுக்கு மேலே பழைய மெஷினைத் தூக்கவே கூடாது. காதுக்கு அடைப்பான், கண்ணுக்குக் கண்ணாடி, காலுக்குப் பூட்ஸ் கட்டாயம். செருப்புக்காலோடு, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு அப்பா வெட்டியிருப்பார், தெரியும். நீங்கள் அப்படி வெட்டாதீர்கள். காலுக்குச் செயின் தடுக்கும் உறை கிடைக்கும், வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் இவ்வளவு இழுவையுள்ள மெஷினை அது முழுதாக நிறுத்திவிடும் என்று நம்பி நிற்காதீர்கள். ஒரு டாங்கு தீர்ந்ததும் கால் மணி நேரம் உட்காருங்கள். விரல் நுனி மரத்து, வெளுத்துப்போக ஆரம்பித்தால் அதிர்வு அதிகம் ஏறிவிட்டது, அன்றைக்கு அதோடு நிறுத்துங்கள். கைப்பிடி ரப்பர் புஷ்களும் காய்ந்திருக்கும், அதையும் சீலோடு சேர்த்து மாற்றச் சொல்லுங்கள்.

மெஷினை மதுரைக்குக் கொண்டுவருவதாக இருந்தால் செயினையும் பாரையும் கழற்றிச் சாக்கில் சுற்றிக்கொள்ளுங்கள். டாங்கில் கிடக்கும் பழைய பெட்ரோலை ஊரிலேயே வடித்துவிட்டு, மூடியைத் திறந்து ஒரு நாள் வெயிலில் வைத்து எடுத்து வாருங்கள். அந்த வாடையோடு நத்தம் பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள்.